வரக்கூடாத நோயாளிக்காக ஒரு மருந்து

1958-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, அன்றைய யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கு அருகே விஞ்சா என்னும் ஊரில், மிகச் சிறியது, சாதுவானது என்று எல்லாராலும் கருதப்பட்டு வந்த ஓர் ஆராய்ச்சி அணு உலை அளவை மீறி உக்கிரம் கொண்டபோது, அங்கே வேலையில் ஈடுபட்டிருந்தவர்களுக்கு அபாயத்தை அறிவித்தது காற்றில் திடீரென்று பரவிய ஓசோன் வாசனைதான். அந்த வாசனையை ஒருவர் நுகர்ந்து அறிந்து உலையை நிறுத்துவதற்குள், பெரும்பாலும் இளைஞர்களான ஆறு பேருடைய உடல்களில் கதிர்வீச்சு ஊடுருவிச் சென்றுவிட்டது. அவர்கள் உடம்பில் காயம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆயினும் அவர்களுக்கு நேர்ந்தது இன்னதென்று அறிந்த அந்நாட்டு அதிகாரிகள், காலதாமதம் செய்யாமல் அவர்களை விமானத்தில் ஏற்றிப் பாரிஸ் நகரத்துக் கியூரி மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அங்கே அவர்களை ஏற்றுக்கொண்ட ஜார்ஜ் மாத்தே என்ற வைத்தியர், வாரக்கணக்கில் அவர்களுடைய ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே வருவதைக் கண்டு, சுமார் ஒரு மாதம் கழிந்த பின், அதுவரை மனித உடலில் கைகூடியிராத ஒரு சிகிச்சையைத் துணிந்து மேற்கொண்டார். ஆரோக்கியமான அந்நியர்களின் எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து இந்த நோயாளிகளுக்குச் செலுத்துவது என்பதே அது. மொழி தெரியாத, முகம் பார்த்திராத பிறநாட்டவருக்காகத் தம் எலும்பில் ஊசி துளைக்கச் சம்மதித்து முன்வந்த பிரெஞ்சுக்காரர்களில், குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாயும் இருந்தார். ஐந்து பேருக்கு மஜ்ஜை செலுத்தப்பட்டது. நால்வர் பிழைத்தார்கள், ஒருவர் இறந்தார். பிழைத்தவர்களின் உடலில் அந்நிய மஜ்ஜை சிறிது காலமே தங்கியிருந்தது என்றும், பிறகு அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டும் தழைத்துவிட்டது என்றும், ஆகவே அந்தச் சிகிச்சை இல்லாமலே அவர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் பிற்காலத்தில் விஞ்ஞானிகள் வாதித்தார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உறவு எதுவும் இல்லாத ஒருவரின் மஜ்ஜை இன்னொருவரின் சரீரத்தில் சில நாட்களேனும் உயிரோடு வேலை செய்யும் என்பதை உலகம் அந்த ஐந்து கட்டில்களின் அருகே நின்றுதான் தெரிந்துகொண்டது.

வைத்திய சாஸ்திரத்தின் மற்றக் கிளைகள் எல்லாம் நோயாளியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவை. காலராவுக்கும் காசத்துக்கும் மருந்து தேடியவர்களின் வாசலில் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். கடுங்கதிர்வீச்சினால் நேரும் நோய்க்கு மருந்து தேடுகிறவனுக்கோ நோயாளி வரக்கூடாது என்பதே பிரார்த்தனை. சோதனைக்காக ஒரு மனிதனைக் கதிர்முன் நிறுத்துவது கனவிலும் நினைக்கத் தகாத பாதகம். அதனால் இத்துறையில் நாம் அறிந்திருப்பது ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் துர்ப்பாக்கியத்திலிருந்து கிடைத்தது, அல்லது ஒரு வாயில்லாப் பிராணியின் மரணத்திலிருந்து கிடைத்தது. அவ்வாறு கிடைத்த அறிவோ, போரையும் அணுகுண்டையும் எண்ணி அஞ்சியவர்கள் தேடிய அறிவாக இருந்தும், முதலில் போய்ச் சேர்ந்த இடம் புற்றுநோயாளிகளின் படுக்கை. அங்கே பண்பட்டு மருந்தாக உருப்பெற்ற பிறகே கதிர்பட்டவனிடம் திரும்பி வந்தது. இந்த நீண்ட கொடுக்கல் வாங்கலை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

கதிர்வீச்சு உடலில் செய்யும் நாசம் கண்ணுக்குத் தெரியும் தீயின் நாசத்தைப் போன்றதன்று. இடைவிடாமல் பிரிந்து பெருகும் அணுக்களையே அது முதலில் தாக்கும் என்பதை பெர்கோனியே, திரிபோந்தோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர் 1906-லேயே எடுத்துக்காட்டினார்கள். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் மூல அணுக்கள் என்று ஒருவகை உண்டு. அவை ஒரு குடியானவன் வீட்டு விதைநெல் போன்றவை. கதிர்வீச்சு வயலில் நிற்கும் பயிரை விட்டுவிட்டு விதைநெல்லை எரித்துவிடுகிறது. ஆகவே ரத்தத்தில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருக்கும் அணுக்கள் தத்தம் ஆயுள் உள்ளவரை வேலை செய்துகொண்டிருக்கும். முதல்நாள் வாந்தியெடுத்துச் சோர்ந்தவன் இரண்டு மூன்று நாட்களில் தேறி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்பான். உறவினர்கள் தெய்வத்துக்கு நன்றி சொல்வார்கள். இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், பழைய அணுக்கள் மடிந்து புதியவை பிறவாத நிலையில், பல்லீறில் ரத்தம் கசியும், தோலில் செம்புள்ளிகள் தோன்றும், தலைமயிர் கொத்துக்கொத்தாய் உதிரும், சாதாரணக் கிருமியும் எமனாக மாறும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குண்டு விழுந்த நாளன்று கீறல்கூடப் படாமல் தப்பியவர்கள், வாரங்கள் சென்ற பிறகு இவ்விதம் மாண்டதைக் கண்ட ஜப்பானிய வைத்தியர்கள், இது எந்த நோய் என்று விளங்காமல் திகைத்தார்கள்.

உடல் ஏற்ற கதிர்வீச்சைக் கிரே என்னும் அலகால் அளக்கிறார்கள். முழு உடலும் ஒரு கிரேக்கு உட்பட்ட அளவே பெற்றிருந்தால் பெரும்பாலும் அபாயம் இல்லை. இரண்டைத் தாண்டினால் மஜ்ஜை பலமாக அடிபடும். சிகிச்சையே இல்லாவிட்டால் மூன்றரை, நான்கு கிரே அளவில் பாதிப்பேர் இறப்பார்கள். ரத்தமும் தட்டணுக்களும் ஏற்றி, கிருமிக்கொல்லி மருந்துகள் தந்து, தொற்று அணுகாத தனியறையில் வைத்துப் பேணினால் அந்த எல்லை ஆறு, ஏழு கிரே வரைக்கும் உயரும். அதாவது, புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, நல்ல செவிலியின் கவனமும் ஒரு ரத்த வங்கியும் அந்த எல்லையைத் தள்ளிவைத்தன. பத்துக் கிரேயை நெருங்கும்போது குடலின் உட்சவ்வு அழிகிறது. அதற்கும் வெகுவாக மேலே போனால் மூளையும் நாளங்களும் சில நாட்களுக்குள்ளேயே செயலிழந்துவிடும்.

மஜ்ஜையை மீட்க முடியுமா என்ற வினாவுக்கு முதல் விடை ஒரு சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சன் என்பவர் 1949-ஆம் ஆண்டு, சுண்டெலிகளின் மண்ணீரலை மட்டும் ஈயத்தகட்டால் மறைத்துவிட்டு, உடலின் எஞ்சிய பகுதி முழுவதும் மரணம் நிச்சயம் என்னும் அளவுக்குக் கதிர் பாய்ச்சினார். சாக வேண்டிய எலிகள் சாகவில்லை. மறைக்கப்பட்ட அந்தச் சிறு உறுப்பிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு உடல் முழுவதையும் காப்பாற்றியிருந்தது. 1951-ல் ஈகான் லோரென்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், கதிர்பட்ட எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினாலும் அதே பலன் கிட்டுவதைக் காட்டினார்கள். அந்த ஏதோ ஒன்று ஒரு ரசமா, அல்லது உயிருள்ள அணுவா என்ற விவாதம் சில ஆண்டுகள் நீடித்து, இங்கிலாந்தில் ஹார்வெல் ஆராய்ச்சியாளர்கள் 1956-ல் நுண்பெருக்காடியில் அடையாளம் காணக்கூடிய நிறப்புரி உள்ள அணுக்களைச் செலுத்திப் பார்த்து, குடியேறித் தழைத்தவை அந்நிய அணுக்களே என்று நிரூபித்தபோது முடிவுக்கு வந்தது. பிறகு டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர், மஜ்ஜையின் அணுக்கள் எவ்வளவு கதிரைத் தாங்கும் என்று அளக்கும் வேலையில் இறங்கியிருந்தபோது, எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகளைக் கண்டு, ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு மூல அணுவின் சந்ததி என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து நிலைநாட்டினார்கள். ஸ்டெம் செல் என்று இன்று பத்திரிகை விளம்பரங்களில்கூட அடிபடும் விஷயத்தின் பிறப்பிடம், 1961-ல் வெளியான அந்தக் கதிர்வீச்சு ஆராய்ச்சிதான்.

எலிகளிடம் கற்ற இந்தப் பாடத்தைத்தான் அமெரிக்காவில் டொனால் தாமஸ் என்ற வைத்தியர், ரத்தப் புற்றுநோயாளிகளிடம் எடுத்துச் சென்றார். நோயுற்ற மஜ்ஜையைக் கதிர்வீச்சால் தாமே முற்றிலும் அழித்து, அந்த வெற்றிடத்தில் ஆரோக்கியமான மஜ்ஜையை நடுவது அவருடைய வழி. எது மனிதனைக் கொல்லும் அளவு என்று அறியப்பட்டதோ, அதுவே ஒரு சிகிச்சையின் முதற்படியாயிற்று. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அவருடைய முயற்சியில் ஆரம்ப காலத்து நோயாளிகள் பெரும்பாலும் இறந்தார்கள், பலர் அந்தத் துறையையே கைவிட்டார்கள், அவர் விடவில்லை. 1990-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ல் ஆரம்பித்து இன்றளவும் தலசீமியாவால் வாடும் குழந்தைகளுக்கு மறுவாழ்வு அளித்துவரும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை, இந்தப் பரம்பரையில் வந்ததே. அக்குழந்தைகளின் பெற்றோர் விஞ்சா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கதிர் தாக்குவதற்கு முன்பே உடலுக்குக் கவசம் போடும் மருந்தை நாடிய முயற்சி ஒன்றும் உண்டு. கந்தகம் கலந்த சிஸ்டீன் என்னும் பொருளை முன்கூட்டியே கொடுத்தால் எலிகள் கதிர்வீச்சைத் தாங்குகின்றன என்று 1949-ல் ஹார்வி பாட் என்பவர் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிலையத்தார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனக் கூட்டுகளைச் செய்து சோதித்து அமிஃபோஸ்டின் என்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். போர்வீரனுக்கு அது உதவவில்லை. வாந்தியையும் ரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும் ஒரு மருந்தை, எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்கு முன்னால் யார் உட்கொள்வார்? ஆனால் தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்டு கதிர்ச் சிகிச்சை பெறுகிறவர்களுடைய உமிழ்நீர்ச் சுரப்பிகள் வறண்டுபோகாமல் காக்க அது இன்று பயன்படுகிறது.

1986 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபிலில் நேர்ந்த விபத்து, அதுவரை சேர்ந்திருந்த அறிவையெல்லாம் ஒரே இரவில் பரீட்சித்தது. கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர். தீயணைப்பு வீரர்களும் உலைத் தொழிலாளிகளுமான அவர்களில் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் மாஸ்கோவின் ஆறாம் எண் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே பொறுப்பில் இருந்த ஆஞ்சலினா குஸ்கோவா என்ற அம்மையார், உரால் மலைப் பகுதியில் இருந்த ரகசிய அணுத் தொழிற்சாலையின் தொழிலாளிகளுக்கு இளவயதிலேயே சிகிச்சை செய்து, இந்நோயை வேறு எவரையும்விட அதிகமாகக் கண்கூடாய்ப் பார்த்தவர். கதிர்பட்ட எத்தனை நிமிஷத்தில் வாந்தி வந்தது, ரத்தத்தில் நிணவணுக்கள் எவ்வளவு விரைவாகக் குறைகின்றன என்ற இரண்டு எளிய குறிகளைக் கொண்டே, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அவரும் அவருடைய குழுவினரும் பிரித்தார்கள். பதின்மூன்று பேருக்கு மஜ்ஜை மாற்றம் செய்யப்பட்டது; பிழைத்தவர்கள் இருவரே. மஜ்ஜை முழுதும் அழியும் அளவுக்குக் கதிர் ஏற்றவர்களின் தோலும் குடலும் சேர்ந்தே வெந்துபோயிருந்தன. அவர்களைக் கொன்றவற்றில் பெரும் பங்கு அந்தப் புண்களுக்கு உண்டு. முதல் சில மாதங்களில் 28 பேர் இந்நோயால் மாண்டார்கள். மஜ்ஜை மாற்றம் மிகச் சிலருக்கே உதவும் என்பது அவர்கள் உயிரைக் கொடுத்து நமக்குக் கற்பித்த பாடம்.

அடுத்த ஆண்டே, 1987 செப்டம்பரில், பிரேஸில் தேசத்தின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவ நிலையத்தில் அநாதையாய்க் கிடந்த கதிர்ச் சிகிச்சை இயந்திரத்திலிருந்து சீசியம் அடங்கிய உருளையை இருவர் கழற்றி எடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். இருட்டில் நீலமாய் ஒளிர்ந்த அந்தப் பொடியின் அழகில் மயங்கி, கடைக்காரர் அதை உறவினர்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்து கொடுத்தார். வீட்டில் எல்லாரும் நோயில் விழுவதைக் கண்டு, இந்தப் பொருளால்தான் வந்தது என்று முதன்முதலில் ஐயுற்று, அதைப் பையிலிட்டுப் பஸ்ஸில் ஏறிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனவர் அந்தக் கடைக்காரரின் மனைவி. எந்தப் படிப்பும் சொல்லித்தராத அந்த அம்மையாரின் கூரிய புத்தி ஒரு நகரத்தைக் காத்தது, அவரைக் காக்கவில்லை. இறந்த நால்வரில் அவரும் ஒருவர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இன்னொருத்தி. அங்கே உடலுக்குள் புகுந்துவிட்ட சீசியத்தை வெளியேற்ற 46 பேருக்குக் கொடுக்கப்பட்டது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஓவியச் சாயமாகப் பிறந்த பிரஷ்யன் நீலம். குடலுக்குள் சுரந்து மீண்டும் ரத்தத்தில் கலக்கும் சீசியத்தை அது வழியிலேயே பற்றி மலத்தோடு வெளியேற்றிவிடும். உடலில் சீசியம் பாதியாகக் குறைவதற்குச் சுமார் 110 நாள் ஆவதை 30 நாளளவுக்குக் குறைத்துவிடும். இது சீசியத்துக்கும் தாலியத்துக்கும் மட்டுமே உரிய மருந்து. அணு விபத்து என்றதும் பலர் தேடி ஓடுகிற அயோடின் மாத்திரையும் அவ்வாறே, கதிரியக்க அயோடின் தைராய்டுச் சுரப்பியில் படிவதைத் தடுக்க மட்டும் வல்லது. வேறு எந்தக் கதிர்வீச்சுக்கும் அது கவசம் ஆகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கோயானியாவில் எட்டுப் பேருக்கு இன்னொரு புது மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள்: மஜ்ஜையில் எஞ்சியிருக்கும் மூல அணுக்களைத் தூண்டி வெள்ளையணுக்களைப் பெருகச் செய்யும் புரதம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டொனால்ட் மெட்காஃப் என்ற விஞ்ஞானி 1960-களில் தொடங்கிப் பல்லாண்டு தவமிருந்து தேடிய அந்தப் புரத வர்க்கத்தில் ஒன்றான ஃபில்கிராஸ்டிம், 1991-ல் புற்றுநோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துச் சிகிச்சையால் வெள்ளையணுக்கள் வீழ்ந்தவர்களை அது கைதூக்கி விட்டது. கதிர்பட்டவருக்கும் அதே மருந்து பயன்படும் என்று எவரும் ஊகிக்கலாம். அனுமதிக்கு நிரூபணம் வேண்டுமே! இந்த இடத்தில்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002-ல் ஒரு விசேஷ விதியை வகுத்தது. மனிதரிடம் சோதிப்பது தர்மவிரோதமாகும் ஆபத்துகளுக்கு, நோயின் காரணமும் மருந்து வேலை செய்யும் விதமும் தெளிவாக விளங்கியிருந்தால், பிராணிகளிடம் கண்ட பலனையே ஆதாரமாகக் கொள்ளலாம். ஆனால் மனிதருக்கு அது கெடுதல் செய்யாது என்பதை மட்டும் மனிதரிடமே காட்டியாக வேண்டும். அந்தச் சாட்சியத்தை ஃபில்கிராஸ்டிமுக்கு அளித்தவர்கள், அதை ஏற்கெனவே போட்டுக்கொண்ட எண்ணற்ற புற்றுநோயாளிகள். பலனைக் காட்டியவை ரீசஸ் குரங்குகள்: கதிர் பாய்ச்சிய மறுநாள் முதல் இம்மருந்து பெற்ற 24 குரங்குகளில் 79 சதவீதம் அறுபது நாளுக்குப் பின்னும் உயிரோடிருந்தன, மருந்து பெறாத 22 குரங்குகளில் தப்பியவை 41 சதவீதமே. 2015 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. தட்டணுக்களைப் பெருக்கும் ரோமிபிளாஸ்டிம் உள்ளிட்ட வேறு சில மருந்துகள் 2021-க்குள் அந்த வரிசையில் சேர்ந்தன. அந்தக் குரங்குகளை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருப்பதற்கில்லை. மனிதன் தானே படைத்துக்கொண்ட ஆபத்துக்கு அவை என்ன பாவம் செய்தன? ஆயினும் வேறு வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவற்றின் மரணத்தால் பெற்ற அறிவை வீணாக்காமல் இருக்கவேண்டிய கடமை மட்டும் நமக்கு இருக்கிறது.

இம்மருந்துகள் எல்லாம் மஜ்ஜையின் நாசத்தைச் சரிசெய்ய வந்தவை. குடலுக்கும் நுரையீரலுக்கும் அத்தகைய நிச்சயமான மருந்து இன்னும் இல்லை. 1999 செப்டம்பர் 30-ஆம் தேதி ஜப்பானின் தோக்காய்முராவில் யுரேனியக் கரைசலை வாளியால் ஊற்றிக் கலக்கும்போது விபத்துக்கு ஆளான தொழிலாளி ஒருவருக்கு, உடன்பிறந்த சகோதரியின் மூல அணுக்கள் செலுத்தப்பட்டு, அவை அவருடைய எலும்புக்குள் குடியேறி ரத்தத்தை உண்டாக்கவும் தொடங்கின. ஆனால் தோல் மீண்டும் வளரவில்லை. குடலின் உட்சவ்வு மீளவில்லை. 83 நாள் வேதனைக்குப் பின் அவர் உயிர் பிரிந்தது. எவ்வளவு கதிர் ஏற்றவரை மீட்க முயல்வது, எந்த எல்லையில் வலியைத் தணிப்பது மட்டுமே வைத்தியரின் தர்மம் ஆகிறது என்ற கேள்வியை ஜப்பானிய மருத்துவர்கள் அப்போது நேருக்கு நேர் சந்தித்தார்கள். அதற்கு ஒரு சூத்திரம் கிடையாது. ஆனால் அதைக் கேட்காமல் மருந்து மட்டும் தேடுவது அந்தத் தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை அன்று. தோல் விஷயத்தில் சிறிது வெளிச்சம் தெரிகிறது. பாரிஸுக்கு அருகே உள்ள பெர்சி ராணுவ மருத்துவமனையினர், 2005 டிசம்பரில் சிலி நாட்டில் இரிடியம் துண்டு ஒன்றைக் கையிலெடுத்துப் புண்பட்ட தொழிலாளிக்கு, வெந்த தசையை அளந்து அறுத்தெடுத்து, அவருடைய மஜ்ஜையிலிருந்தே வளர்த்த ஒருவகை அணுக்களைப் புண்ணில் செலுத்தி, ஆறாது என்று கருதப்பட்டதை ஆறச் செய்தார்கள்.

சிலியில் தொழிலாளி, பிரேஸிலில் இரும்புக் கடைக்காரர், ஜப்பானில் கரைசல் கலக்கியவர், செர்னோபிலில் தீயணைப்பு வீரர். இந்த வரிசையில் நம் நாட்டவரும் உண்டு. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து ஏலத்தில் வந்த கருவியைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 பலரைத் தாக்கி ஒருவரைப் பலிகொண்டது. தோல் கறுத்து முடி உதிர்ந்து வந்த கடைக்காரரைக் கண்ட வைத்தியர்கள் கதிர்வீச்சைச் சந்தேகித்த பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. பேரழிவுப் போரை மனத்தில் வைத்து மருந்துகளைச் சேமித்து வைக்கும் அரசுகள், இப்படிப்பட்ட ஏழைத் தொழிலாளியை முதலில் நினைக்க வேண்டும். ஃபில்கிராஸ்டிம் இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. நம் புற்றுநோய் மருத்துவமனைகளின் குளிர்பெட்டிகளில் அது எப்போதும் இருக்கிறது. பிரஷ்யன் நீலத்தைச் செய்யும் முறையும் தில்லியில் உள்ள பாதுகாப்புத் துறையின் அணுமருத்துவ ஆய்வு நிலையத்தாருக்குக் கைவந்துவிட்டது. இனி வேண்டியது, பழைய இரும்புக் கடைகளுக்கும் பற்றவைப்புகளைக் கதிரால் சோதிக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகே உள்ள ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும், காரணம் தெரியாத வாந்தியோடும் ஆறாத தீப்புண்ணோடும் வருகிறவரிடம், எந்த உலோகத்தைத் தொட்டீர்கள், உங்களோடு வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்த ஒரு வைத்தியர். நிணவணுக்களின் எண்ணிக்கையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் தொடர்ந்து பார்க்கச் செலவு அதிகம் ஆகாது. அதற்கான கருவி எந்தத் தாலுகா ரத்தப் பரிசோதனை நிலையத்திலும் இருக்கிறது. அந்த எண்ணிக்கை சரசரவென்று இறங்கினால் அன்றே புற்றுநோய்ப் பிரிவுக்குத் தகவல் அனுப்பி மருந்தை வரவழைக்க வேண்டும்.